பணிநீக்கத்துக்கு முன் நடக்கும் மறைபேச்சு: சால்ட் லேக்கும் இந்தியத் தொழிலாளர் சட்டமும்

ஊழியர் ஒருவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுவதென்று நிறுவனம் முடிவெடுத்த பிறகும், அந்த முடிவு ஆணையாக எழுதப்படுவதற்கு முன்பும், பெரும்பாலான அலுவலகங்களில் ஒரு பேச்சு நடக்கிறது. எவ்வளவு தொகை கிடைக்கும், எந்தத் தேதியோடு விலகுவது, விலகலுக்குக் காரணமாக எதை எழுதுவது என்பவை அதில் பேசப்படுகின்றன. பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வைக்கப்படுகிறது. இந்த மறைபேச்சுக்கென்றே பிரிட்டன் 2013இல் தனிச் சட்டப்பிரிவு ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்படியொரு பிரிவு இல்லை; பேச்சு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் அமைந்த சால்ட் லேக்கின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களை முன்வைத்து, இப்பேச்சின் சட்டநிலை என்ன, அதன் மறைவு யாருக்குப் பயன்படுகிறது, அதை எவ்வாறு ஒழுங்குபடுத்தலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மறைவு தன்னளவில் அநீதி ஆகிவிடாது. அவகாசம், ஆலோசனை, மறுக்கும் உரிமை ஆகிய மூன்றும் இல்லாத மறைவே அநீதிக்கு இடம் தருகிறது. இந்தியச் சட்டத்தின் கட்டமைப்போ, ஒரு பதிவும் இல்லாத அந்தப் பேச்சறையையே ஊழியரின் உரிமைகள் கைநழுவும் இடமாக ஆக்கிவைத்திருக்கிறது.

கெராவோவிலிருந்து மூடிய அறைக்கு

சால்ட் லேக் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம். மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராயின் முயற்சியில், கொல்கத்தாவுக்குக் கிழக்கே இருந்த உவர்நீர்ச் சதுப்பு நிலம் ஹூக்ளி ஆற்று வண்டலால் நிரப்பப்பட்டு, யூகோஸ்லாவிய நகரமைப்பாளர் டோப்ரிவோயே டோஷ்கோவிச்சின் திட்டப்படி செக்டர்களாகப் பிரிக்கப்பட்டது. பிதான்நகர் என்ற அதிகாரப்பூர்வப் பெயர் அந்த முதல்வரின் நினைவாக வந்தது. குடியிருப்புப் பகுதிகளிலிருந்து விலகி, மின்னணுத் தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட செக்டர் ஃபைவ் பிற்காலத்தில் மென்பொருள் நிறுவனங்களின் இருப்பிடமாயிற்று. டி.சி.எஸ்., விப்ரோ, காக்னிசன்ட் போன்ற பெருநிறுவனங்களும், எஸ்.டி.எஃப். கட்டடத்தைப் போன்ற பொது வளாகங்களில் இயங்கும் சிறுநிறுவனங்களும் இங்கே அடுத்தடுத்து உள்ளன. பகுதியின் நிர்வாகத்துக்கென நவதிகந்தா தொழில் நகரிய ஆணையம் தனியே இயங்குகிறது. 2020 பிப்ரவரியில் கிழக்கு–மேற்கு மெட்ரோவின் முதல் பகுதி இங்கிருந்துதான் ஓடத் தொடங்கியது.

வங்கத்தின் தொழிலுறவு வரலாற்றில் இப்பகுதி ஒரு திருப்பத்தைக் குறிக்கிறது. 1967இல் ஐக்கிய முன்னணி அரசு பதவியேற்றபோது, மேலாளரை அவருடைய அறையிலேயே சூழ்ந்துகொண்டு கோரிக்கை ஏற்கப்படும்வரை வெளியே விடாத ‘கெராவோ’ கொல்கத்தாவின் ஆலைகளெங்கும் பரவியது. கெராவோவைக் கலைக்கக் காவல்துறை தலையிடுமுன் தொழிலாளர் துறை அமைச்சரைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற அரசின் சுற்றறிக்கைகள் செல்லாது என ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டவிரோதமானதும் பல வேளைகளில் கொடுமையானதுமான அம்முறையில், பேரம் எல்லார் கண்முன்னும் நடந்தது. பேசியவர்கள் கூட்டமாக இருந்தார்கள். செக்டர் ஃபைவின் அறையில் நிலைமை நேர்மாறானது. மனிதவளத் துறையினர் இருவர் அல்லது மூவர் ஒருபுறமும் ஊழியர் ஒருவர் மட்டும் மறுபுறமுமாக உட்கார்கிறார்கள். என்ன பேசப்பட்டது என்பது அடுத்த மேசைக்காரருக்குக்கூடத் தெரிவதில்லை.

கூட்டாகப் பேசும் அமைப்பு இங்கே அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சி.ஐ.டி.யு. தொழிற்சங்கத்தின் ஆதரவோடு மேற்கு வங்கத் தகவல் தொழில்நுட்பச் சேவைகள் சங்கம் 2006இலேயே தொடங்கப்பட்டது. ஆனால் அப்போது மாநிலத்தை ஆண்ட இடது முன்னணி அரசு, முதலீட்டாளர்களின் அச்சத்தைப் போக்கும்பொருட்டு, இத்துறைக்குப் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்ற தகுதியை அளித்திருந்தது. அத்தகுதியுள்ள துறையில் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ய இயலாது. சங்கம் இருந்தும் உறுப்பினர் எண்ணிக்கை பெருகாத சூழலில், வேலையிழப்பு கூட்டுப் பிரச்சினையாக எழாமல், ஒவ்வொருவரும் தனித்தனியே சந்திக்கும் சொந்தச் சிக்கலாகவே நின்றுவிட்டது.

பேச்சு நடக்கும் விதம்

மறைபேச்சு பெரும்பாலும் முன்தயாரிப்போடுதான் வருகிறது. ஒரு திட்டப்பணி முடிந்து அடுத்த பணி கிடைக்காத ஊழியர் ‘பெஞ்சில்’ வைக்கப்படுகிறார்; அல்லது ஆண்டு மதிப்பீட்டில் கடைசிப் படிநிலை தரப்பட்டு, ‘பி.ஐ.பி.’ எனப்படும் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்படுகிறார். 30 அல்லது 60 நாட்களில் எட்ட வேண்டிய இலக்குகள் அதில் எழுதப்பட்டிருக்கும். அது முடியும் தறுவாயில் எச்.ஆர். அழைப்பு வருகிறது. தானே ‘பேப்பர் போட்டால்’, அதாவது பணிவிலகல் கடிதம் கொடுத்தால், ஓரிரு மாதச் சம்பளமும், ‘ரிலீவிங் லெட்டர்’ எனப்படும் குறையற்ற பணிவிடுப்புக் கடிதமும் கிடைக்கும். மறுத்தால் பணிநீக்கம் செய்யப்படுவார், அது பதிவேட்டில் நிற்கும் என்று இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. விலகல் கடிதம் தாளில் எழுதப்படுவதுகூட இல்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் நுழைந்து, காரணம் என்ற இடத்தில் ‘சொந்தக் காரணம்’ என்பதைத் தேர்ந்து, ஒரு பொத்தானை அழுத்துவதோடு எல்லாம் முடிகிறது.

ரிலீவிங் லெட்டரின் மதிப்பை அறியாமல் இந்தப் பேரத்தின் உள்விசையைப் புரிந்துகொள்ள முடியாது. இத்துறையில் புதிதாக வேலைக்கு எடுப்பவர், வருபவருடைய கடந்தகாலப் பணிகளை வெளி முகமைகள் வழியாகச் சரிபார்க்கிறார். நாஸ்காம் அமைப்பின் முயற்சியில் உருவான தேசியத் திறன் பதிவேடும் இந்தச் சரிபார்ப்புக்காகவே ஏற்பட்டது. ‘பணிநீக்கம் செய்யப்பட்டவர்’ என்ற ஒற்றைக் குறிப்பு அடுத்த வேலையைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் ஊழியரிடம் இருப்பதால், பேச்சறையில் பணத்தைவிட அந்தக் கடிதமே பெரிய பேரப்பொருளாகிவிடுகிறது.

இத்தகைய பேச்சு பொதுவெளிக்கு வந்த தருணங்கள் மிகச் சில. 2017 ஜூலையில் டெக் மஹிந்திரா நிறுவனத்தின் மனிதவள அலுவலருக்கும் ஓர் ஊழியருக்கும் நடந்த உரையாடலின் ஒலிப்பதிவு பரவியது. மறுநாள் காலை 10 மணிக்குள் விலகல் கடிதம் கொடுக்காவிட்டால் பணிநீக்கம் செய்யப்படுவார் என்று அதில் கூறப்பட்டது. குழுமத் தலைவர் ஆனந்த் மஹிந்திராவும் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் சி.பி. குர்நானியும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஒலிப்பதிவு நாடெங்கும் கவனத்தை ஈர்த்ததற்குக் காரணம், அதில் கேட்டது விதிவிலக்கான ஒரு நிகழ்வு என்பதல்ல. பலரும் தனித்தனியே அனுபவித்த ஒரு நடைமுறைக்கு முதன்முறையாகச் சான்று கிடைத்தது என்பதே.

அதே 2017இல் காக்னிசன்ட் வேறொரு வழியையும் காட்டியது. இயக்குநர்கள், துணைத் தலைவர்கள் போன்ற மேல்நிலை அலுவலர்களுக்குப் பல மாதச் சம்பளத்தை ஈடாக அறிவித்து, விரும்புவோர் விலகலாம் என்ற திட்டத்தை அந்நிறுவனம் முன்வைத்தது. ஏறத்தாழ 400 பேர் அதை ஏற்றார்கள். விதிமுறைகள் எழுத்தில் இருந்தன. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருந்தது. படிநிலையில் உயர்ந்தவருக்கு எழுதப்பட்ட திட்டமும், கீழ்நிலை ஊழியருக்கு வாய்மொழிக் கெடுவும் கிடைப்பதை இந்த இரு நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் உணரலாம்.

விலகல் கடிதம் அழித்துவிடுவது எதை?

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ‘ஆட்குறைப்பு’ என்பதை மிக விரிவாக வரையறுத்தது: ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக அல்லாமல், எந்தக் காரணத்துக்காகவும் முதலாளி ஒரு தொழிலாளியின் பணியை முடிப்பது ஆட்குறைப்பு. 1976இல் சுந்தரமணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வரையறைக்கு அகன்ற பொருளை அளித்தது. 1990இல் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிசெய்தது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமானால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவரே முதலில் செல்ல வேண்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தாலும் இந்த அடிப்படைகளைத் தக்கவைத்திருக்கிறது; ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும் என்ற புதிய கடமையையும் சேர்த்திருக்கிறது.

பழைய சட்டமும் புதிய தொகுப்பும் இந்த வரையறையிலிருந்து ஒன்றை வெளியே நிறுத்துகின்றன: தொழிலாளி தானாக விரும்பி ஓய்வுபெறுவது. விலகல் கடிதத்தின் விளைவும் அதுவே. ஊழியர் தாமாக விலகிவிட்டால் ஆட்குறைப்பு என்ற நிகழ்வே சட்டத்தின் கண்ணில் நிகழவில்லை. ஆகவே இழப்பீடும் இல்லை, பணிமூப்பு வரிசையும் இல்லை, மறுதிறன் நிதியும் இல்லை. அந்த அறையில் ஒரு பொத்தானை அழுத்தும் நொடியில், பல தீர்ப்புகளால் கட்டப்பட்ட பாதுகாப்பு முழுவதும் செயலிழக்கிறது.

ஒரு கணக்கு இதை விளக்கும். சட்டப்படியான மாத ஊதியம் 60,000 ரூபாய் என்றும், பணிக்காலம் 8 ஆண்டுகள் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 15 நாள் வீதம் இழப்பீடு 2,40,000 ரூபாய். முன்னறிவிப்புக்கு மாற்றான ஒரு மாதச் சம்பளம் 60,000 ரூபாய். மறுதிறன் நிதி 30,000 ரூபாய். ஆக மொத்தம் 3,30,000 ரூபாய். பேச்சறையில் முன்வைக்கப்படுவதோ இரண்டு மாதச் சம்பளமான 1,20,000 ரூபாயாக இருக்கலாம். இத்துறையின் பணி ஒப்பந்தங்களில் 2 அல்லது 3 மாத ‘நோட்டீஸ் பீரியட்’ வழக்கமாக எழுதப்பட்டிருப்பதால், சலுகை என்று காட்டப்படும் அத்தொகை ஒப்பந்தப்படியே வர வேண்டிய பணமாகவும் இருந்துவிடுகிறது. பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் இந்தப் பேரத்துக்கு அப்பாற்பட்டவை. அவற்றை எந்த ஒப்பந்தமும் குறைக்க முடியாது. விலகினாலும் நீக்கப்பட்டாலும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று ஊதியத் தொகுப்புச் சட்டம் கூறுகிறது. எனவே, கையெழுத்திட்டால்தான் ‘எஃப் அண்ட் எஃப்’ எனப்படும் இறுதிக் கணக்கு முடிக்கப்படும் என்று எச்.ஆர். சொன்னால், அந்தப் பேச்சுக்குச் சட்டத்தின் ஆதரவு கிடையாது.

இவையெல்லாம் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருவோருக்கு மட்டும் பொருந்தும். நிர்வாகப் பணியில் இருப்பவரும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளரும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். புதிய தொகுப்பில் அந்த அளவு மாதம் 18,000 ரூபாய். மென்பொருள் எழுதுபவர் தொழில்நுட்பப் பணி செய்பவர் என்ற முறையில் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் தொழிலாளியே என்று வாதிடலாம். ஆனால் ‘லீட்’, ‘மேனேஜர்’ என்ற பதவிப்பெயர்கள் தாராளமாக வழங்கப்படும் துறையில், செய்த வேலை உண்மையில் எத்தகையது என்பதை ஒவ்வொருவரும் சாட்சியங்களோடு மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. 2015இல் டி.சி.எஸ். நீக்கிய ஊழியர் ஒருவர், தாம் நிர்வாகப் பணி செய்யவில்லை என்பதை நிறுவி, சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் மறுபணியமர்த்தலும் பழைய ஊதியமும் பெறும் ஆணையைப் பெற்றபோது ஆண்டு 2022 ஆகியிருந்தது. சட்டம் தொழிலாளியின் பக்கம் இருந்தும் ஏழாண்டுகள் ஆயின என்பதைப் பேச்சறையில் உட்கார்ந்திருக்கும் இரு தரப்பும் அறியும். முன்வைக்கப்படும் தொகையும் அதற்கேற்பச் சுருங்குகிறது.

மறைவைப் பற்றி இந்தியச் சட்டம் கூறுவது

தகராறில் உள்ள இருவர் சமரசத்துக்காகப் பேசியதை நீதிமன்றத்தில் ஒருவருக்கு எதிராக மற்றவர் சாட்சியமாக்கக் கூடாது என்ற கொள்கை இந்தியாவுக்குப் புதிதல்ல. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவாகவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 21ஆம் பிரிவாகவும் அது இடம்பெற்றிருக்கிறது: உரிமையியல் வழக்கில், சாட்சியமாகக் கொடுக்கக் கூடாது என்ற வெளிப்படையான நிபந்தனையோடோ, அப்படி இரு தரப்பும் உடன்பட்டிருந்ததாக நீதிமன்றம் ஊகிக்கக்கூடிய சூழலிலோ செய்யப்பட்ட ஒப்புதல் ஏற்கப்படாது. ஒப்புதல் சாட்சியமாகாது என்பதும், மிரட்டியதை மெய்ப்பிக்க முடியாது என்பதும் வேறு வேறு. தன் உடன்பாடு வற்புறுத்தலால் பெறப்பட்டது என்று ஊழியர் வாதிடும்போது, பேச்சு எப்படி நடந்தது என்பதே வழக்கின் பொருளாகிவிடுகிறது. உரையாடலின் ஒலிப்பதிவு தொடர்புடையதாகவும் திரிக்கப்படாததாகவும் இருந்தால் சாட்சியமாகலாம் என்று மல்கானி வழக்கில் 1972இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

தொழிலாளர் சட்டத்தின் போக்கு இன்னும் கூர்மையானது. தொழில் தகராறுகள் சட்டம் ‘உடன்பாடு’ என்பதை வரையறுத்தபோது, சமரச அலுவலர் முன்னிலையில் எட்டப்பட்டதையும், அவர் இல்லாமல் இரு தரப்பும் தமக்குள் எழுதிக்கொண்டதையும் அதில் சேர்த்தது. இரண்டாம் வகைக்கு ஒரு நிபந்தனை வைத்தது: வகுத்த முறைப்படி கையெழுத்தாகி, அதன் பிரதி அரசு அதிகாரமளித்த அலுவலருக்கும் சமரச அலுவலருக்கும் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். மூடிய அறையில் முடிந்து நிறுவனத்தின் கோப்பிலேயே தங்கிவிடும் தாள், அச்சட்டத்தின் நோக்கில் உடன்பாடு ஆகாது. அது வெறும் ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டத்தின் எல்லாச் சோதனைகளுக்கும் உட்பட்டது.

அதே சட்டம் இரகசியத்தை மதிக்கவும் செய்தது. ஒரு தொழிலைப் பற்றியோ சங்கத்தைப் பற்றியோ விசாரணையில் மட்டும் கிடைக்கக்கூடிய தகவலை மறைவாக வைக்கும்படி உரியவர் எழுத்தில் கேட்டால், சமரச அலுவலரோ நீதிமன்றமோ அதை வெளியிடக் கூடாது என்று 21ஆம் பிரிவு கட்டளையிட்டது. மீறுவோருக்குத் தண்டனையும் வகுக்கப்பட்டிருந்தது. மேற்கு வங்கம் தன் பங்குக்குச் சமரசத்துக்குக் கால எல்லை வைத்து, 60 நாட்களில் தீர்வு கிட்டாவிட்டால் தனிமனிதத் தொழிலாளி சான்றிதழ் பெற்று நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் செல்ல வழிசெய்திருந்தது. நாடு முழுமைக்குமான சட்டத்தில் இதையொத்த வசதி 2010இல்தான் வந்தது. ஆக, இரகசியத்தையும் அரசுப் பதிவையும் ஒருங்கே காக்கும் இடம் வங்கத்தில் இருந்தது. செக்டர் ஃபைவின் ஊழியர் அந்த இடத்துக்குச் செல்லுமுன்பே விலகல் கடிதம் கொடுத்துவிடுகிறார்.

மறைபேச்சுக்கு வெளிப்படையான எல்லை வகுத்த இந்தியச் சட்டம் ஒன்றும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013ஆம் ஆண்டின் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் கேட்டுக்கொண்டால் மட்டுமே விசாரணைக்கு முன் சமரசம் பேசலாம் என்கிறது. பணம் கொடுப்பது அச்சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கக் கூடாது என்றும் தடைசெய்கிறது. தரப்பினரின் அடையாளம் காக்கப்பட வேண்டும், ஆனால் பணத்தால் வாயடைப்பது கூடாது என்ற வேறுபாட்டை அச்சட்டம் கண்டறிந்திருக்கிறது. பொதுப் பணிநீக்கச் சட்டத்தில் அப்படியொரு கோடு இன்னும் இழுக்கப்படவில்லை.

பிற நாடுகள் வகுத்த வழிகள்

பிரிட்டனில் சமரசப் பேச்சைக் காக்கும் பழைய நீதிமன்றக் கொள்கை, தகராறு ஏற்கெனவே எழுந்திருந்தால்தான் பொருந்தும். பி.என்.பி. பாரிபா வங்கியின் ஊழியர் தொடர்பான 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதை வலியுறுத்தியதால், தகராறு எழுமுன் பேசத் தயங்குவதாக முதலாளிகள் முறையிட்டார்கள். 2013 ஜூலை 29 முதல் நடைமுறைக்கு வந்த 111ஏ பிரிவு அந்த இடைவெளியை நிரப்பியது: பணிநீக்கத்துக்கு முன் விலகல் விதிமுறைகள் பற்றிப் பேசியதை, சாதாரண நியாயமற்ற பணிநீக்க வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. இந்தச் சலுகைக்கு விலையும் வைக்கப்பட்டது. பாகுபாடு, முறைகேட்டை அம்பலப்படுத்தியமை போன்ற காரணங்களால் எழும் வழக்குகளுக்கு இந்தக் காப்பு கிடையாது. எழுத்திலான இறுதி விதிமுறைகளைச் சீர்தூக்கிப் பார்க்கக் குறைந்தது 10 நாட்கள் தர வேண்டும் என்று, தொழில்தகராறுச் சமரச அமைப்பான அகாஸின் நெறிமுறை கூறுகிறது. ஊழியர் சுதந்திரமான சட்ட ஆலோசனை பெற்றால்தான், வழக்குரிமையைக் கைவிடும் ஒப்பந்தம் செல்லும். ஒழுங்கு நடவடிக்கை எதுவும் தொடங்குமுன்பே, ஏற்காவிட்டால் வேலை போய்விடும் என்று சொல்வதை அந்நெறிமுறை முறையற்ற அழுத்தத்துக்கு எடுத்துக்காட்டாகவே குறிப்பிடுகிறது. 2017இல் இந்தியா கேட்ட ஒலிப்பதிவு பிரிட்டனில் நடந்த பேச்சாக இருந்திருந்தால், சட்டத்தின் மறைவுக் காப்பை முதலாளி நம்பியிருக்க முடியாது.

பிரான்ஸ் 2008இல் ஏற்படுத்திய முறையில், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பணியை முடிக்கலாம். கையெழுத்திட்ட பின் 15 நாட்களுக்குள் எவரும் காரணம் சொல்லாமல் பின்வாங்கலாம். அதன்பிறகு தொழிலாளர் நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும். தொகை சட்டப்படியான பணிநீக்க இழப்பீட்டுக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில், 40 வயது நிறைந்த ஊழியர் வயதுப் பாகுபாட்டு வழக்குரிமையைக் கைவிட வேண்டுமானால், 21 நாள் அவகாசமும், கையெழுத்துக்குப் பின் பின்வாங்க 7 நாட்களும் தரப்பட வேண்டும். பலரை ஒரே சமயத்தில் அனுப்பும்போது அவகாசம் 45 நாட்கள்.

தமிழ் வாசகருக்கு அருகிலுள்ள முன்மாதிரி இலங்கையினுடையது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனத்தில், ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்துக்காகத் தொழிலாளியின் சேவையை முடிப்பதற்கு அவருடைய முன்கூட்டிய எழுத்துவழிச் சம்மதமோ, தொழில் ஆணையாளரின் முன்கூட்டிய அனுமதியோ தேவை. சம்மதம் சட்டத் தேவையாக இருப்பதால், சம்மதத்தைப் பெறுவதற்கான பேச்சும் சட்டத்தின் பகுதியாகிவிடுகிறது. ஊழியர் மறுத்தால் ஆணையாளரிடம் காரணங்களை மெய்ப்பிக்கும் சுமை முதலாளியைச் சேர்கிறது. அங்கே மறுப்புக்கு ஒரு விலை இருக்கிறது, அதை முதலாளியே செலுத்த வேண்டியிருக்கிறது.

கல்கத்தாவிலிருந்து எழுந்த தீர்ப்பு

சமமற்ற பேரவலிமையைப் பற்றி இந்திய நீதித்துறை சொன்ன மிக முக்கியமான கருத்துகள் கல்கத்தா வழக்கு ஒன்றிலிருந்தே பிறந்தன. அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கழகம், மூன்று மாத முன்னறிவிப்பையோ சம்பளத்தையோ கொடுத்து நிரந்தர ஊழியர் எவரையும் நீக்கலாம் என்ற பணிவிதியைப் பயன்படுத்தியது. பிரஜநாத் கங்கூலி வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. பேரவலிமையில் சமமில்லாத இருவரிடையே, வலியவர் எழுதியதை எளியவர் ஏற்றே தீர வேண்டிய நிலையில் உருவாகும் நியாயமற்ற ஒப்பந்தம், பொதுக் கொள்கைக்கு விரோதமானது என்ற முறையில் ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கழகம் அரசின் கருவி என்பதால் அரசியல் சாசனத்தின் 14ஆம் உறுப்பும் அதில் பயன்பட்டது. தனியார் நிறுவனத்துக்கு எதிராக அந்த உறுப்பை எழுப்ப முடியாதெனினும், ஒப்பந்தச் சட்டத்தைச் சார்ந்த காரணங்கள் நிற்கின்றன. வற்புறுத்தலாலும் தகாத செல்வாக்காலும் பெற்ற சம்மதத்தை நீக்கிக்கொள்ள அதே சட்டம் வேறு பிரிவுகளிலும் இடம் தருகிறது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 2003ஆம் ஆண்டின் பிந்தால் வழக்குத் தீர்ப்பு. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் தொகையைப் பெற்றுக்கொண்டு விலகியவர், பழைய பணியின் பெயரால் மேற்கொண்டு உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதில் கூறியது. இரு தீர்ப்புகளும் முரண்படவில்லை. எழுதி அறிவிக்கப்பட்ட திட்டத்தில், சிந்திக்க நேரம் பெற்று, பணத்தையும் வாங்கிக்கொண்டவரின் சம்மதம் உறுதியானது. தனியறையில் மறுநாள் காலைக் கெடுவோடு பெறப்பட்ட சம்மதத்துக்கு அந்த உறுதி கிடையாது. இரண்டையும் பிரித்தறியத் தேவைப்படுவது சான்று; மறைபேச்சு விட்டுவைக்காததும் அதுவே.

மறைவுக்கான நியாயமும் அதன் வரம்பும்

மறைவை முற்றாக ஒழிப்பது ஊழியருக்கும் நன்மை தராது. தன் மதிப்பீட்டுக் குறைகளோ உடல்நலமோ குடும்பச் சூழலோ ஊரறியப் பேசப்படுவதை எவரும் விரும்புவதில்லை. ‘தொழிலாளி’ வரையறைக்கு வெளியே நிற்கும் மேலாளருக்கு, நீதிமன்றத்தில் பெரும்பாலும் முன்னறிவிப்புக் காலச் சம்பளத்துக்கு மேல் கிடைப்பதில்லை. மறைவான பேரம் ஒன்றே அவருக்கு அதைவிடக் கூடுதலாகப் பெற்றுத்தரக்கூடிய வழி. நிறுவனத்துக்கும் நியாயமான தேவை உண்டு: ஒருவருக்குக் கொடுத்த தொகை மற்றவருக்கு முன்மாதிரியாகிவிடும் என்ற அச்சம் இருந்தால், எவருக்கும் தாராளமாகக் கொடுக்க அது முன்வராது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளர்களில் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததுபோன்ற பெரும் மாற்றங்களின்போது, இத்தகைய பேச்சுகள் ஆயிரக்கணக்கில் நடப்பது தவிர்க்க இயலாதது.

ஆகவே விவாதம் மறைவு வேண்டுமா, வேண்டாமா என்பதிலிருந்து, எந்த நிபந்தனைகளோடு மறைவு என்பதற்கு நகர வேண்டியிருக்கிறது. முன்மொழிவு எழுத்தில் தரப்பட்டு, சட்டப்படி வர வேண்டிய தொகையும் கூடுதலாகத் தரப்படும் தொகையும் அதில் தனித்தனியே காட்டப்பட வேண்டும். சீர்தூக்கிப் பார்க்கக் குறைந்தது 10 நாட்களும், கையெழுத்துக்குப் பின் பின்வாங்கச் சில நாட்களும் வேண்டும். வழக்கறிஞரையோ சங்கப் பொறுப்பாளரையோ கலந்துகொள்ளும் உரிமை மறைவு நிபந்தனையால் பறிபோகக் கூடாது. பாலியல் துன்புறுத்தல், மகப்பேறு, ஊதிய பாக்கி, சட்டமீறல் ஆகியவை பற்றிப் புகார் செய்வதை எந்த உடன்பாடும் தடுக்கக் கூடாது. இவற்றில் பெரும்பகுதிக்குப் புதிய சட்டம் தேவையில்லை. தனியார் மென்பொருள் நிறுவனங்களைப் பொறுத்தவரை விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. உடன்பாட்டின் படிவத்தையும் பிரதி அனுப்பும் முறையையும் விதிகள் வழியாகவே வரையறுக்கலாம்.

இப்படிச் செய்தால் கிடைக்கும் பயன் தனிமனிதரோடு நின்றுவிடாது. இன்று சால்ட் லேக்கில் ஓராண்டில் எத்தனை பேர் வேலையிழந்தார்கள் என்று தொழிலாளர் துறையைக் கேட்டால், ஏடுகளில் ஆட்குறைப்பு என்ற தலைப்பின் கீழ் எதுவும் இருக்காது. எல்லாரும் சொந்தக் காரணங்களுக்காக விலகியவர்களாகவே இருப்பார்கள். பெயரையும் தொகையையும் மறைத்து, பணி முடிவு முதலாளியின் முன்மொழிவால் நேர்ந்தது என்ற ஒரே உண்மையை மட்டும் சமரச அலுவலரின் கோப்பில் பதிந்தால்கூட, மறுதிறன் நிதிக்கு யார் செலுத்த வேண்டும், எந்த நிறுவனத்தில் எந்த வயதினர் அதிகம் அனுப்பப்படுகிறார்கள், மகப்பேறு விடுப்புக்குப் பின் விலகியோர் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு முதன்முறையாக விடை கிடைக்கும். தனிமனிதரின் மானத்தைக் காப்பதற்கென ஏற்பட்ட மறைவு, ஒரு துறையின் ஆட்குறைப்பை மொத்தமாகக் கணக்கிலிருந்து மறைக்கவும் பயன்படுமானால், அந்த இரண்டாவது பயனைச் சட்டம் அனுமதிக்க வேண்டிய காரணம் ஏதும் இல்லை.